ஃபோம் ஒட்டினால் சத்தம் நிற்காது

அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்க ஒதுக்குகிறவர்கள் முதலில் வாங்குவது ஃபோம் அட்டை. நானும் அதைத்தான் வாங்கினேன். நாலு சுவரிலும் ஒட்டி முடித்த அடுத்த வாரமே மாடி வீட்டு அக்கா வந்துவிட்டார். "பாட்டு கேக்கல தம்பி, டம்டம்னு அதிர்வுதான் வருது. அலமாரியில இருக்கிற டம்ளர் கிணுகிணுங்குது."

ஃபோமும் முட்டை அட்டையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே போகிற சத்தத்தைத் தடுக்கக் கனமும் அடைப்பும் வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் கனம் இருக்கிறது. ஓட்டை இருப்பது பெரும்பாலும் கதவில்.

இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே இருட்டாக்கிக் கதவருகே உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தமும் கசியும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு சுமார் 20 டெசிபலோடு நின்றுவிடும். நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவின் அடியில் சீல், ஏசி குழாய் போகிற துளைக்கு அடைப்பு. சுவருக்குச் செலவு செய்யுமுன் இவற்றை முடியுங்கள். ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் சந்து இருக்கும். ரப்பர் வைத்து இறுக மூடும் ஜன்னல்தான் நல்லது. அறையை இப்படி அடைத்தபின் ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும். அதனால் அவ்வப்போது கதவைத் திறந்துவிட மறக்காதீர்கள்.

அடுத்த தவறு, இருக்கிற சுவர்மேல் ஜிப்சம் போர்டை நேராகத் திருகுவது. காசுதான் போகும். நடுவே சிறு இடைவெளி விட்டால் சில தாழ்ந்த ஒலிகள் முன்பைவிட அதிகமாகவே கடக்கும். பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டம் நிறுத்தி, ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) நிரப்பி, இரண்டு அடுக்கு போர்டு போட்டால்தான் பலன். அறை அரை அடியாவது குறுகும். வாடகை வீட்டில் இதை நான் சொல்லவே மாட்டேன்.

சரி, அந்த டம்டம்? 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அது நம் அறையைவிடப் பெரியது, எந்த அட்டைக்கும் அடங்காது. சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டியை, மூலையில் வைத்தால் இன்னும் பெருகும். தரையில் நேரே வைத்தால் பெட்டியின் அதிர்வும் கான்கிரீட்டில் ஏறும். மூலையிலிருந்து நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் மெத்தை போடுங்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த அளவுமுறை தாழ்ந்த ஒலிகளை மிகக் குறைத்தே கணக்கிடும். மீட்டர் சரி என்று காட்டும்போதே பக்கத்து வீட்டில் தூக்கம் கெடலாம். அதனால் நம் அறையில் இருந்தபடி அளப்பதில் பயனில்லை.

நான் அக்காவின் அறையில் போய் உட்கார்ந்தேன். கீழே மகன் அதே பாட்டைப் போட்டு, சப்வூஃபரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். டம்ளர் அடங்கிய இடத்தில் சப்வூஃபரின் ஒலியளவுத் திருகிமேல் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். ஒன்பது மணிக்குமேல் அந்தக் கோட்டை நாங்கள் தாண்டுவதில்லை.