கைக்குழந்தை வீட்டில் அப்பாவுக்கு மனச்சோர்வு வந்தால்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் மனச்சோர்வு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. குழந்தைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும்போதுதான் அதிகம். நம் பக்கம் மனைவியும் குழந்தையும் தாய்வீட்டிலிருந்து திரும்புவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நிறைய ஆண்களுக்கு இப்படித்தான்: எதற்கெடுத்தாலும் எரிச்சல், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஓவர்டைம் கேட்டு வாங்குவது, டாஸ்மாக், பிள்ளையைத் தூக்கினாலும் மனதில் ஒன்றும் தோன்றாதது. குழந்தை தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல ஓ.பி. இருக்கிறது. அங்கே போய், "ஒரு மாதிரியா இருக்குங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "குழந்தைக்கு நாலு மாசம். ராத்திரி முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்லைங்க. சம்சாரத்துக்கிட்ட எரிஞ்சு விழறேன்" என்று விவரமாகச் சொல்லுங்கள். குடிப்பதை மறைக்கவே வேண்டாம். மருந்து கொடுப்பதற்கு அது தெரிய வேண்டும். தைராய்டு பரிசோதனை எழுதினால் எடுத்துவிடுங்கள், அதில் கோளாறு இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும். எங்கம்மா கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். சரி என்று கட்டிக்கொண்டே ஓ.பி.க்கும் போனேன்.

மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதலில் கொஞ்சம் வயிற்றைப் புரட்டலாம். தேறியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று டீக்கடையில் பயமுறுத்துவார்கள். முதல் முறை வந்தவர்களுக்குப் பொதுவாக, தேறிய பிறகு ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

செத்துவிடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். குழந்தையை வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு உடனே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டில் ராத்திரியைப் பங்கு போடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு மணி வரை, பால் குடித்த பிள்ளையை ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பது என் வேலை. அதற்கு மேல் மாமியார். தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது. மனைவியையும் விசாரியுங்கள். ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அடுத்த ஓ.பி.க்கு இரண்டு பேருமே போய்விடுங்கள்.