பெயரில்லா வரைபடத்தில் ஆண்டிறுதித் திருப்புதல்

உலக நாடுகளையும் பண்பாடுகளையும் ஓராண்டு முழுவதும் வீட்டிலேயே கற்பித்து முடித்த கிறிஸ்தவப் பெற்றோர், பாடநூலை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வைப்பதற்குப் பதிலாக, பெயர்கள் அச்சிடப்படாத உலக வரைபடம் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, நினைவில் உள்ள நாடுகளை முதலில் பென்சிலாலும், விடுபட்டவற்றைக் குறிப்பேட்டைப் பார்த்துச் சிவப்பு மையாலும் எழுதச் செய்யலாம். நினைவிலிருந்து எடுத்து எழுதுவது மறுவாசிப்பைவிட ஆழமாகப் பதியும். சிவப்பில் இருப்பதை மட்டும் விடுமுறையில் படித்தால் போதும் என்பதால், தெரிந்ததையே திரும்பப் படிக்கும் நாட்கள் மிச்சமாகும்.

அதே வரைபடத்தில் வேதாகமத்தின் அப்போஸ்தலர் 2:9-11 வசனங்களில் வரும் இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். மேதரும் ஏலாமீத்தரும் வாழ்ந்த நிலம் பெரும்பாலும் இன்றைய ஈரானிலும், கப்பத்தோக்கியா, பொந்து, பிரிகியா, பம்பிலியா ஆகியவை துருக்கியிலும், சிரேனே லிபியாவிலும் அமைகின்றன. அங்கே வரும் ‘ஆசியா’ கண்டமன்று. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ரோம மாகாணம். பிள்ளைகள் எளிதில் தடுமாறும் இடம் இது என்பதால், அதைத் தனியே வட்டமிடச் செய்வது நல்லது.

நாட்டின் பெயர்களை இன்னும் எழுதப் பழகாத சிறு பிள்ளைகளுக்கு இம்முறை பொருந்தாது. மக்களின் மொழி, உணவு, வழிபாடு பற்றிய அறிவை வரைபடம் சோதிக்காது. அவற்றை வாய்மொழியாகக் கேட்டறிய வேண்டும். வீட்டுவழிக் கல்விக்கு எழுத்துத் தேர்வைச் சட்டம் கோரும் இடங்களில், இது அத்தேர்வுக்கு ஈடாகாது.