ஐரோப்பிய எழுத்தாளர்களோட வாழ்க்கைய எங்க தேடுறது, எதை நம்புறது

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் ஒரு நாளைக்கு 50 கப் காபி குடிச்சார்னு ஒரு ஃபார்வர்ட் எப்படியும் உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். மனுஷன் காபிய விட்டு இருந்ததில்ல, அது உண்மை, 1839ல காபி பத்தி கட்டுரையே எழுதியிருக்கார். ஆனா அந்த 50ங்கிற கணக்குக்கு ஆதாரம் கிடையாது. இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, நிஜமா நடந்த விஷயங்கள் இதை விட நூறு மடங்கு நல்லா இருக்கு, அதைத் தேடி எடுக்க ரொம்ப கஷ்டமும் இல்ல. நான் எப்படித் தேடுறேன்னு சொல்றேன்.

முதல்ல, தடிமனான வாழ்க்கை வரலாற்ற எடுத்து பிறந்த வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, பாதியிலயே விட்டுடுவீங்க. ஒரு ஆள், ஒரு சம்பவம், அவ்ளோதான். நான் ஆரம்பிச்சது ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியோட 1866 அக்டோபர். கடன் கழுத்தை நெரிக்குது, ஒரு பதிப்பாளர்கிட்ட கையெழுத்து போட்டுட்டார், நவம்பர் 1க்குள்ள புது நாவல் குடுக்கலன்னா அடுத்த 9 வருஷம் அவர் என்ன எழுதினாலும் அந்தாளே காசு குடுக்காம அச்சடிச்சுக்கலாம்னு ஒப்பந்தம். அதே வருஷம் 'குற்றமும் தண்டனையும்' வேற பத்திரிகைல தொடரா போய்ட்டிருக்கு. நண்பர்கள் சொன்னாங்கன்னு சுருக்கெழுத்து தெரிஞ்ச ஒரு பொண்ண வேலைக்கு வெச்சார், அன்னா, 20 வயசு. இவர் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு எழுதி, ராத்திரி வீட்ல உக்காந்து அதை நல்லா எழுதி மறுநாள் கொண்டுவந்து, 26 நாள்ல 'சூதாடி' முடிஞ்சது. கடைசி நாள் கொண்டுபோய் குடுக்கலாம்னா பதிப்பாளர் ஊர்லயே இல்ல, வேணும்னே கிளம்பிப் போய்ட்டான். இவர் நேரா போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் பிரதிய ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வந்தார். அடுத்த பிப்ரவரில ரெண்டு பேருக்கும் கல்யாணம்.

இதெல்லாம் எங்கேர்ந்து தெரியும்? அன்னா எழுதின நினைவுக் குறிப்புலேர்ந்து. அதனால, எழுத்தாளரைப் பத்தி அவர் பக்கத்துலயே இருந்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு மொதல்ல தேடுங்க. மனைவி, தம்பி தங்கச்சி, நெருங்கின நண்பன், இல்லன்னா அவங்களே எழுதின கடிதம். முதல் நாள் வேலைக்குப் போற வழில கடைல பென்சில் வாங்கினதைக் கூட அன்னா எழுதியிருக்காங்க, அந்தப் பென்சில படிச்சப்போதான் எனக்கு அந்த அறையே கண்ணு முன்னாடி வந்தது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் கதையும் அப்படித்தான். அப்பா 1824ல கடனுக்காக மார்ஷல்ஸி ஜெயில்ல, பையன் 12 வயசுல ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டி வாரம் 6 ஷில்லிங் சம்பாதிச்சான். பெரிய ஆள் ஆனப்புறமும் இதை அவர் வெளில சொல்லவே இல்ல, நண்பர் ஃபோர்ஸ்டர்கிட்ட மட்டும்தான் மனசு விட்டார், 1870ல டிக்கன்ஸ் இறந்தப்புறம் ஃபோர்ஸ்டர் எழுதின புத்தகத்துலதான் ஊருக்கே தெரிஞ்சது. அந்தப் புத்தகம் பழசு, காப்புரிமை முடிஞ்சது, குட்டன்பர்க்ங்கிற (Project Gutenberg) இணையதளத்துல ஃப்ரீயா கிடைக்குது.

சென்னைல இருக்கிறவங்களுக்கு இன்னும் வசதி. எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூலகம் ரெண்டுலயும் ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காரலாம். மாஸ்கோல அச்சடிச்ச ராதுகா, முன்னேற்றப் பதிப்பகத்தோட பழைய தமிழ் மொழிபெயர்ப்பு லஸ் பிளாட்பாரக் கடைலயோ புத்தகக் கண்காட்சி பழைய புத்தக ஸ்டால்லயோ கண்ணுல பட்டா யோசிக்காம வாங்கிடுங்க, முன்னுரைய கட்டாயம் படிங்க.

அடுத்தது தேதி. இதுலதான் நிறைய பேர் தப்பு விடுறாங்க. ஷேக்ஸ்பியரும் 'டான் குயிக்ஸாட்' எழுதின செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23, ஒரே நாள்ல செத்தாங்கன்னு படிச்சிருப்பீங்க, உலக புத்தக தினமே அன்னிக்குத்தான். ஆனா அப்போ ஸ்பெயின்ல புது காலண்டர், இங்கிலாந்துல பழைய காலண்டர், ரெண்டுக்கும் 10 நாள் வித்தியாசம், அதுலயும் செர்வாண்டிஸ் 22ஆம் தேதியே போய்ட்டார், அடக்கம் பண்ணினதுதான் 23. ரஷ்யர்கள் விஷயத்துலயும் இதே கதைதான், டால்ஸ்டாய் அஸ்தாபவோ ரயில் நிலையத்துல இறந்தது 1910 நவம்பர் 7னு ஒரு புத்தகம் சொல்லும், 20னு இன்னொண்ணு சொல்லும், ரெண்டுமே சரி, 7 பழைய காலண்டர், 20 புதுசு, அதுக்குள்ள வித்தியாசம் 13 நாளா ஆயிடுச்சு. மேல தஸ்தயேவ்ஸ்கி கதைல நான் சொன்ன அக்டோபர், நவம்பர் எல்லாமே பழைய காலண்டர்படிதான். நோட்ல தேதி எழுதுறப்போ எந்தக் காலண்டர்னு பக்கத்துலயே குறிச்சுக்கோங்க.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, நம்ம ஊரு எங்கயாவது உள்ள வருதான்னு பாக்கிறது. டால்ஸ்டாய் 1908 டிசம்பர்ல தாரக்நாத் தாஸ்ங்கிற இந்தியருக்கு எழுதின நீளமான கடிதம் இருக்கு, காந்தி அதுக்கு முன்னுரை எழுதி வெளியிட்டார். அந்தக் கடிதத்துல ஒரு பகுதியோட தலைப்புல மேற்கோளா சில வரிகள், கீழ 'இந்துக் குறள்'னு போட்டிருக்கும். ஆமா, நம்ம திருக்குறளேதான். கன்னிமாரால அதை முதல் தடவ பாத்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. அந்தக் கடிதமும் குட்டன்பர்க்ல இருக்கு. இறக்கி வெச்சுக்கிட்டு பக்கத்துல குறளோட 32ஆம் அதிகாரம் 'இன்னா செய்யாமை'ய திறந்து வெச்சு வரி வரியா ஒப்பிட்டுப் பாருங்க. தீமை செஞ்சவனுக்குப் பெரிய நன்மை செஞ்சு வெக்கப்பட வைக்கிறதுதான் தண்டனைன்னு அங்க ஒரு வரி வரும், அது 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்', 314. காலைல கெடுதல் நினைச்சா சாயங்காலம் அது திரும்பி வரும்னு இன்னொரு வரி, அது 'முற்பகல் செய்யின்', 319. மீதி வரிகளுக்கு நம்பர நீங்களே தேடிப் போடுங்க, அரை மணி நேரம் ஆகும்.