மார்க்டவுனில் தமிழ்ப் பக்கம்: அடிக்கோடு வேண்டாம், நட்சத்திரம் போடுங்கள்

அம்மாவின் ரசக் குறிப்பை வலைப்பக்கமாக்க உட்கார்ந்தேன். வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லில் வரிக்கு வரி டேக் திறந்து மூடி அலுத்துப்போய்த்தான் மார்க்டவுனுக்கு வந்தேன். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. சாதாரண எழுத்தில் நாலு குறி போட்டால் போதும், எச்டிஎம்எல் தானாக வந்துவிடும்.

விஎஸ் கோட் என்ற எழுதுசெயலியில் புதுக் கோப்பு திறந்து, எம்டி (`.md`) என்ற பின்னொட்டோடு சேமித்து, இதைத் தட்டுங்கள்:

```
# அம்மா ரசம்

## தேவையானவை

- புளி: எலுமிச்சை அளவு
- துவரம்பருப்பு: 2 ஸ்பூன்

*புளி*யை வெந்நீரில் ஊறவிடவும்.
```

கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முன்னோட்டம் தெரியும். ஒற்றை # பெரிய தலைப்பு (எச்1), இரட்டை அதற்கடுத்த துணைத்தலைப்பு (எச்2). குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட மறக்காதீர்கள்.

நான் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தது கடைசி வரியில். சாய்வெழுத்துக்கு நட்சத்திரமும் போடலாம், அடிக்கோடும் போடலாம் என்று படித்திருந்தேன். அடிக்கோடு பார்க்க அழகாக இருக்கிறதே என்று `_புளி_யை` என்று எழுதினேன். சாயவே இல்லை, கோடுகள் அப்படியே பல்லிளித்தன. கோப்புப் பெயர்களில் வரும் அடிக்கோடு தவறிப்போய்ச் சாய்வாகிவிடக் கூடாது என்று, சொல்லுக்கு நடுவில் அதைக் கண்டுகொள்வதில்லையாம். ஆங்கிலத்தில் இது உறுத்தாது. நமக்கோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியல்லவா வருகிறது! தமிழுக்கு நட்சத்திரம்தான்.

அதிலும் ஒரு சிக்கல். தடித்த எழுத்துக்கு இரட்டை நட்சத்திரம்; ஆனால் `**"ரசப்பொடி"**யை` என்றால் முன்னோட்டத்தில் தடிமன் ஆகாது. மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள்குறி, பின்னால் எழுத்து என்றால் அதை மூடலாகவே எடுத்துக்கொள்ளாது. மேற்கோளை வெளியே தள்ளுங்கள்: `"**ரசப்பொடி**"யை`.

எச்டிஎம்எல்லாக மாற்ற எனக்குப் பிடித்தது பாண்டாக், கட்டளை கொடுத்து இயக்கும் மாற்றிச் செயலி. இணையத்தில் ஒட்டி மாற்றித் தரும் தளங்கள் பக்கம் நான் போவதில்லை. பாண்டாக் கட்டளையில் 'எஸ்' கொடியையும் (`-s`) சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைப்பகுதி இல்லாத துண்டுதான் கிடைக்கும். எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று உலாவிக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 அறிவிப்பும் இருக்காது, உலாவியில் தமிழ் கொத்துக்கறியாகத் தெரியக்கூடும்.

பின்சேர்க்கை: "முன்னோட்டத்தில் பட்டியல் சரியாக வருகிறது, பாண்டாக்கில் எல்லாம் ஒரே பத்தியாகிவிடுகிறது" என்று இருவர் கேட்டிருந்தார்கள். பத்திக்குக் கீழேயே பட்டியலைத் தொடங்கியிருப்பீர்கள். நடுவில் ஒரு வெற்று வரி விடுங்கள். பாண்டாக் அதைக் கேட்கும், விஎஸ் கோட் கேட்காது.