ஸ்பானியத்தில் செயல் முடிந்ததா, நீண்டதா: காலத்திற்கு முன் செயப்படுபொருளைப் பாருங்கள்

ஸ்பானிய இறந்தகாலத் திரிபுகளை ஓரளவு மனப்பாடம் செய்த பிறகும், 'எஸ்க்ரிபீ' (எழுதினேன்) என்பதா 'எஸ்க்ரிபீயா' (எழுதிக்கொண்டிருந்தேன்) என்பதா என்று தடுமாறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். செயல் முடிந்ததா, நீண்டதா என்பதை ஸ்பானியம் வினை, செயப்படுபொருள், காலம் ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்வதால், அவற்றை இதே வரிசையில் பார்ப்பது நல்லது.

முதலில் வினை நிலையைக் குறிக்கிறதா, செயலைக் குறிக்கிறதா என்று பாருங்கள். 'சபேர்' (அறிந்திருத்தல்) ஒரு நிலை. 'எஸ்க்ரிபீர்' (எழுதுதல்) ஒரு செயல்.

அடுத்தது செயப்படுபொருள். 'எஸ்க்ரிபீ கார்த்தாஸ்' என்றால் கடிதங்கள் எழுதினேன். எத்தனை என்ற வரையறை இல்லாததால் அதனோடு 'துராந்தே உனா ஓரா' (ஒரு மணி நேரம்) இயல்பாகச் சேரும். 'எஸ்க்ரிபீ உனா கார்த்தா' (ஒரு கடிதம்) என்றவுடன் செயலுக்கு எல்லை வந்துவிடுகிறது, 'என் உனா ஓரா' (ஒரு மணி நேரத்தில்) பொருந்துகிறது. எந்த வாக்கியத்தையும் இந்த இரண்டு தொடர்களோடும் சேர்த்துப் பார்ப்பதே நான் நம்பும் சோதனை.

மூன்றாவதாகத்தான் காலம். 'எஸ்க்ரிபீயா உனா கார்த்தா குவாந்தோ சோனோ எல் தெலேஃபோனோ' என்பதில் தொலைபேசி ஒலித்தபோது எழுதிக்கொண்டிருந்தேன். கடிதம் முடிந்ததா என்பதை வாக்கியம் சொல்வதில்லை. 'சபேர்' போன்ற நிலைவினையில் இதன் விளைவு வேறு: 'சபீயா லா வெர்தாத்' என்றால் உண்மை எனக்குத் தெரிந்திருந்தது, 'சூபே லா வெர்தாத்' என்றால் பெரும்பாலும் உண்மை அப்போதுதான் தெரியவந்தது. பாடநூல்கள் இவற்றைப் 'பொருள் மாறும் வினைகள்' என்று தனிப் பட்டியலாகத் தருவது தேவையற்ற சுமை என்பது என் கருத்து. எல்லையற்ற நிலைக்கு 'சூபே' என்னும் காலவடிவம் ஓர் எல்லை போடுகிறது, அவ்வளவுதான்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் 'மே', 'தே', 'சே' என்னும் சிறு சொற்கள். 'தோமே காஃபே' என்றால் காபி குடித்தேன். 'மே தோமே எல் காஃபே' என்றால் அந்தக் காபியை முழுவதும் குடித்துவிட்டேன். நம் 'விடு' என்னும் துணைவினையை இது நினைவூட்டினாலும், ஒப்புமையை அதிகம் நம்ப வேண்டாம். தமிழில் 'காபி குடித்துவிட்டேன்' என்று அளவு சொல்லாமலே முடிக்கலாம். ஸ்பானியத்தில் 'மே தோமே காஃபே' என்பது பிழை, ஏனெனில் இந்த 'மே' வர வேண்டுமானால் செயப்படுபொருள் 'எல் காஃபே', 'தோஸ் காஃபேஸ்' (இரண்டு காபி) என்பதுபோல் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த 'மே' செயல் முழுவதும் முடிந்ததைக் காட்டுவதால், 'லெயீ எல் லிப்ரோ துராந்தே தோஸ் ஓராஸ்' (புத்தகத்தை இரண்டு மணி நேரம் படித்தேன்) சரியாக இருக்க, அதன் முன் 'மே' சேர்த்தால் வாக்கியம் உறுத்துகிறது.

பயிற்சிக்கு, திரிபு அட்டவணைச் செயலிகளைவிட ஆன்கி (நினைவூட்டல் அட்டைச் செயலி) அட்டைகளே எனக்குப் பிடிக்கும். ஆனால் அட்டையில் வினையைத் தனியாக எழுதாமல் செயப்படுபொருளோடு எழுதுங்கள். ஐயம் வந்தால் ஸ்பானிய அரச கழகத்தின் கோர்பேஸ் தரவகத்தில் (உண்மையான ஸ்பானிய உரைகளின் தொகுப்பில்) இலவசமாகத் தேடலாம்.

பிற்சேர்க்கை: செயப்படுபொருளே இல்லாத வினைகளை என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அங்கே எழுவாய் அந்த வேலையைச் செய்கிறது. 'யெகோ உன் தூரிஸ்தா' (ஒரு சுற்றுலாப் பயணி வந்தார்) என்பது ஒரு நொடியில் முடிவது; 'யெகாரோன் தூரிஸ்தாஸ் துராந்தே த்ரேஸ் ஓராஸ்' என்றால், பயணிகள் மூன்று மணி நேரம் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டேயிருந்தார்கள்.