ஸ்லைடு சரியாக வராவிட்டால் உடனே சாயத்தை மாற்றாதீர்கள்

நோயாளியின் திசுவை மெல்லிசாக வெட்டிச் சாயமேற்றிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நியூக்ளியஸ் (செல்லின் உட்கரு) தெளிவாகத் தெரியவில்லை என்றதும் பலர் முதலில் மாற்றுவது, அதற்கு நிறமேற்றும் ஹெமடாக்சிலின் சாயப் பாட்டிலைத்தான். பெரும்பாலும் தவறு முந்தின நாளே, திசுவைப் போட்டு அனுப்பிய டப்பாவுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும்.

தாம்பரத்தில் சாயங்காலம் எடுத்த பயாப்சி மறுநாள் காலையில்தான் எழும்பூர் லேபுக்கு வருகிறது என்று வையுங்கள். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கைவசம் இல்லையென்று சலைனில் (உப்புநீரில்) போட்டு அனுப்பியிருந்தால், மே மாத வெக்கையில் செல்கள் தங்கள் என்சைம்களாலேயே சிதைந்திருக்கும். அதற்குப் பிறகு எந்தச் சாயமும் உதவாது. எடுத்தவுடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு (அமிலம் ஏறாதபடி சமன்செய்த) ஃபார்மலினில் போட வேண்டும்; அதுவும் திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு. முழுக் கர்ப்பப்பையைச் சின்ன டப்பாவில் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்புவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், ஆழம் கூடக்கூட இன்னும் மெதுவாகும். வெளிப்பக்கம் இறுகியிருக்க, நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருக்கும். பெரிய உறுப்பைக் கீறிவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். மார்பகத் திசு என்றால் 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 72-ஐத் தாண்டவும் கூடாது. அது பிசகினால் அந்தத் திசுவில் செய்யும் ஹார்மோன் ரிசப்டர், ஹெர்-2 என்ற புற்றுநோய்ப் பரிசோதனைகள் தவறிப்போகலாம்; அந்த முடிவுகளை வைத்துத்தான் அந்தப் பெண்ணுக்கு என்ன மருந்து என்று தீர்மானிக்கிறார்கள்.

லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், டப்பாவில் ஒட்டுங்கள். மூடிகள் மாறிப்போகும்.

அடுத்து, திசுவிலிருக்கும் தண்ணீரை ஆல்கஹாலாலும், அந்த ஆல்கஹாலைச் சைலீனாலும் நீக்கி, மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவோம். நம் ஊர் ஈரக்காற்றில், சரியாக மூடாத அப்சல்யூட் ஆல்கஹால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சைலீன் வெள்ளையாகக் கலங்கினால் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். திசுவைப் புது ஆல்கஹாலுக்குத் திருப்புங்கள். வெட்டும்போது ஒவ்வொரு பிளாக் முடிந்ததும் வெட்டிய சீவல்களை மிதக்கவிடும் வாட்டர் பாத்தின் மேற்பரப்பை டிஷ்யூ பேப்பரால் வழித்தெடுங்கள். இல்லையென்றால் ஒருவருடைய புற்றுநோய்த் துணுக்கு இன்னொருவர் ஸ்லைடில் ஏறிவிடும்.

அப்புறம் தண்ணீர். ஹெமடாக்சிலினிலிருந்து செவ்வூதாவாக வெளிவரும் நியூக்ளியஸ், காரத்தன்மை பட்டால்தான் நீலமாகும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சென்னையில் அந்தக் குழாயில் இன்று மெட்ரோ வாட்டர், நாளை லாரித் தண்ணீர், இன்னொரு நாள் போர் தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரோ பெரும்பாலும் லேசாக அமிலப் பக்கம் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் நீலம் சரியாக ஏறாது. குழாயை நம்பாமல் காரத்தன்மையுள்ள ஸ்காட் கரைசலையோ நன்றாக நீர்த்த அம்மோனியாவையோ வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நன்றாகக் கழுவுங்கள், காரம் மிச்சமிருந்தால் அடுத்து ஏற்றும் இளஞ்சிவப்புச் சாயமான ஈயோசின் வெளிறிவிடும். தினமும் காலையில் ஒரு கண்ட்ரோல் ஸ்லைடை (எப்படி வர வேண்டும் என்று முன்பே தெரிந்த திசு) சாயமேற்றிப் பார்த்துவிட்டு நோயாளிகளின் ஸ்லைடுகளைத் தொடுங்கள்.

கடைசியில் சைலீனிலிருந்து எடுத்த ஸ்லைடைக் காயவிட்டு மவுண்ட் செய்தால் (கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியை ஒட்டி மூடினால்), காற்று சிக்கி நியூக்ளியஸ் மேல் பழுப்புப் புள்ளிகள் தெரியும். இதைச் சரிசெய்ய முடியும். சைலீனில் ஊறவைத்துக் கவர் ஸ்லிப்பைக் கழற்றி, ஆல்கஹால் வழியாகத் தண்ணீர் வரை திரும்பக் கொண்டுபோய், மறுபடி ஆல்கஹால் வழியாகச் சைலீன் வரை ஏற்றி, ஈரம் காயும் முன்பே டி.பி.எக்ஸ். பசை வைத்து மூடுங்கள்.