கண்டிகோட்டா செல்பவர்கள் வானத்தைப் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

பெங்களூரிலிருந்து சுமார் 280 கிலோமீட்டரில், ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் பழைய கோட்டை கண்டிகோட்டா. அந்த ஆறும் நம் தென்பெண்ணையும் நந்தி மலைப் பகுதியிலேயே பிறக்கின்றன என்பது பெங்களூர்த் தமிழர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சிக்கபள்ளாப்பூர், கதிரி, புலிவெந்துலா, ஜம்மலமடுகு வழியாகச் செல்ல ஆறு மணி நேரம் ஆகும். சூரிய உதயத்துக்காக இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு பாறை விளிம்பில் நிற்பதைவிட, முந்தைய மாலையே சென்று தங்குவது நல்லது.

டிசம்பர், ஜனவரி மாதங்களே ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதோடு, மாலையில் திடீரென இடிமழையும் வரும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால், வறண்ட ராயலசீமையிலும் மழை கொட்டித் தீர்க்கும். எனவே புறப்படும் முன் கடப்பா மாவட்டத்துக்கான வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மின்னலை முன்கூட்டி அறிவிக்கும் தாமினி செயலியையும் கைப்பேசியில் வைத்திருங்கள்.

வானம் தெளிவாக இருக்கும்போதே பள்ளத்தாக்கின் விளிம்புக் காட்சியை முடித்துவிட்டு, கோட்டைக்குள் இருக்கும் மாதவராயர் கோயிலையும் மசூதியையும் தானியக் களஞ்சியத்தையும் பிறகு பார்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் மேகத்தோடு போட்டி போடுகிறார்கள். செங்கல் அடுக்கியதுபோல் கிடக்கும் அந்தச் சிவந்த பாறைகள் நனைந்தால் நிறம் இன்னும் ஆழமாகும். படம் எடுக்கும் ஆசையும் கூடும். ஆனால் பாறைமேல் கிடக்கும் பொடிக்கற்கள், தரையில் சிந்திய கேழ்வரகைப்போல் காலடியில் உருளும். ஒரு அக்டோபர் மாலையில், நான்கைந்து துளிகள்தானே விழுந்தன என்று தேய்ந்த செருப்போடு நின்ற நான், சறுக்கிய வேகத்தில் உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். நல்ல பிடிமானமுள்ள காலணி அணிந்து, விளிம்பிலிருந்து குறைந்தது ஓர் ஆள் நீளமாவது தள்ளி நில்லுங்கள். ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டாம். மேற்புறத்தில் நீர்த்தேக்கம் இருப்பதால், தலைக்கு மேல் மழையே இல்லாதபோதும் நீர்மட்டம் உயரக்கூடும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே திறந்த பாறையை விட்டு விலகிக் காருக்குள் சென்று கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். எல்லோரும் ஓடி ஒதுங்கும் தூண் மண்டபம் மழையைத் தடுக்குமே தவிர, நான்கு புறமும் திறந்திருப்பதால் மின்னலைத் தடுக்காது. தனி மரத்தடி அதைவிட மோசம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

மழை விடாவிட்டால் சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பேலம் குகைகளுக்குச் செல்லலாம். கனமழை நாளில் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உள்ளே புழுக்கம் அதிகம் என்பதால், மாற்றுச் சட்டை ஒன்றைக் கூடுதலாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.